பூஜ்ஜியமாகப் படுத்தவள்

அளவெடுக்கும் இருதயமேரி பிந்தி வந்து நுழைந்தபோது அளவறையில் இருந்தவர்கள்: டாக்டர் நஸ்ரின், கருப்பை வாய்ப் புற்றுக்கு ஊசி போட்டுக்கொண்டு, போன மாதம் அது நிறுத்தப்பட்ட சண்முகவடிவு, சுவரோரமாக நாளமானிக் கருவி.

நாளமானி ஒலியால் துழாவி, கட்டிக்குள் புதிதாய் முளைக்கும் இரத்த நாளங்களை எண்ணும். நாளம் கூடினால் கட்டி தின்று வளர்கிறது என்று அர்த்தம். முப்பதுக்குக் கீழே இறங்கினால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். ஆனால் நல்ல உடம்பிலும் நாளம் உண்டே! அதனால் தினமும் காலையில் நோயில்லாத ஒருத்தி முதலில் படுப்பாள். அவளைப் பூஜ்ஜியமாக வைத்து, மற்றவர்களின் எண்ணிலிருந்து கருவி அவள் அளவைக் கழித்துவிடும். அந்தப் பூஜ்ஜியம் எப்போதும் இருதயமேரிதான். வேறு யாரும் படுக்க முன்வரவில்லை.

சமீபமாக அவளுக்குக் கைராசிக்காரி என்று பேர். அவள் அளந்தால் எண் இறங்குகிறது. விளாத்திகுளத்துப் பக்கத்துப் பெண்கள் அவள் இருக்கும் நாளாகப் பார்த்து வந்தார்கள். ஊசி நின்றவர்கள் பனங்கிழங்கு கொண்டுவந்து கொடுத்துக் கையைப் பிடித்து அழுதார்கள். அவள் கிண்டலடிப்பாள். உள்ளுக்குள் பிடித்திருந்தது.

அன்று அவள் வந்த பேருந்து பழுது. டாக்டரே பூஜ்ஜியமாகப் படுத்து, வடிவை அளந்திருந்தார். அறுபத்தொன்று. வடிவு அதை ஏற்க மாட்டேன் என்று கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டரம்மா படிச்சவுகதான், கைராசி இல்லயே. மேரி, நீ படுத்து எந்திரி. பொறவு பாரு."

இருதயமேரி படுத்து எழுந்து, அவளை மறுபடி அளந்தாள். இருபத்திரண்டு.

"நான் சொன்னேம்லா?" என்று வடிவு கும்பிட்டாள்.

சிரிக்கப் போன இருதயமேரி நிறுத்திக்கொண்டாள். அரை மணியில் கட்டி சுருங்காது. மாறியது பூஜ்ஜியம் மட்டும்தான். நல்ல உடம்புக்கு உடம்பு ஒன்றிரண்டுதான் வித்தியாசம் வரும், இங்கே முப்பத்தொன்பது. அது அவளுடையது. அவளுக்குள் வளர்ந்ததைத்தான் கருவி இத்தனை நாளும் எல்லோரிடமிருந்தும் கழித்துக் கொடுத்திருக்கிறது.

டாக்டரும் கணக்குப் போட்டு முடித்திருந்தார். ஊசி நின்ற பெண்கள் அத்தனை பேரையும் உடனே திரும்ப வரவழைக்கும்படி போனில் சொன்னார். பிறகு இருதயமேரியைப் பார்த்தார்.

"இப்போ ஊசிக்குக் கேக்கும்க்கா. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கேட்டிருக்காது."

வடிவுக்கு எல்லாவற்றையும் விளக்கினார்கள். தன் எண் அறுபத்தொன்றுதான், ஊசியை மறுபடி தொடங்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. இருதயமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அடம் புடிக்கலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது பெரியம்மா."

"அப்போ கைராசி எனக்குல்லா," என்றாள் வடிவு. "எந்திரிக்கேன். நீ படு."

கட்டிலை விட்டுக் கொடுத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். வராந்தாவில் கைராசிக்குக் காத்திருந்த பெண்களிடம், "மேரிக்குப் பாக்காக. சத்தம் போடாதிய," என்று அவள் சொல்வது கேட்டது.

டாக்டர் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.