படுதாவுக்குப் பின்னால் ரெங்கம்மாள்

கொட்டாம்பட்டியைத் தாண்டி வேன் மண்பாதையில் இறங்கியபோது உச்சி வெயில். அந்தப் பழைய வீட்டுக்குள் கால் வைத்ததும் தங்கப்பொண்ணு நின்றுவிட்டாள். வருசக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டில் வௌவால் நாற்றம் அடிக்கலாம். முத்துவெள்ளையும் தேங்காய் எண்ணெயும் குழைத்த அரிதார வாசம் ஏன் அடிக்க வேண்டும்?

நாடகப் பாட்டுக்காரி ரெங்கம்மாள் வாழ்ந்து செத்த வீடு அது. அவள் பாட்டைக் கேட்க மதுரைச் சீமையே வண்டி கட்டிக்கொண்டு வந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அவள் கதையைச் சினிமாவாக எடுக்கிறார்கள். மேடை மேடையாக ஆடித் தேய்ந்த தங்கப்பொண்ணுக்கு ரெங்கம்மாள் வேசம். நாற்பதை நெருங்குகையில் வந்த முதல் சினிமா. இதை விட்டால் இன்னொன்று வராது.

மற்றதெல்லாம் எடுத்து முடித்தாயிற்று. கடைசிக் காட்சிதான் பாக்கி.

படத்துக்குக் காசு போடுகிற நல்லகாமனின் அப்பா அந்தப் பக்கத்துப் பண்ணையார். ரெங்கம்மாளைத் தன் காலடியில் உட்கார்ந்து பாடச் சொன்னவர். "நின்னுதான் பாடுவேன்" என்று அவள் திரும்பிப் போய்விட்டாள். அவளுடைய ஆர்மோனியத்தை எரித்தார். போன இடமெல்லாம் மேடையை மறித்தார். அவள் சந்தையில் நின்று பாடினாள். சாகும்வரை குனியவில்லை. ஊருக்கே தெரிந்த கதை.

மகன் எடுக்கிற படத்தில் மட்டும் அவள் பண்ணையார் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள்.

"எங்கப்பா காலு தங்கமாட்டம் தெரியணும்யா" என்று நல்லகாமன் டைரக்டரிடம் சொன்னார்.

"விழுந்துட்டுப் போயிரு தாயி, வயித்துப்பாடு" என்று முணுமுணுத்தார் ஜலால். தங்கப்பொண்ணின் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர், துணைக்கு வந்திருந்தார்.

"விழத்தான்ணே வந்திருக்கேன். ராசபார்ட்டு காலுல எம்புட்டுத் தடவ விழுந்திருக்கேன்! முட்டியே தேஞ்சுபோச்சு."

நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேசக்காரர் முதலில் படுதாவுக்குப் பின்னால் நின்று பாட வேண்டும். குரல் வந்த பிறகுதான் முகம் வரும். குரலை முன்னால் அனுப்பாமல் யாரும் மேடைக்கு வருவதில்லை.

"உள்ள நின்னு ரெண்டு வரி பாடிட்டு வாரேன் சார்."

"இது சினிமாம்மா. நேரா வந்து விழு" என்றார் டைரக்டர்.

பாடாமல் வந்தாள்.

நாற்காலியில் பண்ணையார் வேசக்காரர். அவள் முட்டி மடங்கியது.

உள்ளறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பிறகு பாட்டு எழுந்தது. படத்துக்குப் பாடிக் கொடுத்த மெட்ராஸ் பாடகியின் தேன் குரல் இல்லை. வெற்றிலை ஊறிய, கரகரத்த, ஆளை நிமிர்த்துகிற குரல்.

"டேப்ப நிறுத்துய்யா!" என்று டைரக்டர் கத்தினார்.

"இன்னும் போடவே இல்ல சார்."

அரிதார வாசம் மூக்கை அடைத்தது. தங்கப்பொண்ணின் இரண்டு அக்குளுக்குள்ளும் இரண்டு கைகள் நுழைந்தன.

கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்த கைகள்.

தூக்கவில்லை. அழுத்தவில்லை. அவள் என்ன செய்யப் போகிறாள் என்று காத்திருந்தன.

தங்கப்பொண்ணு எழுந்தாள்.

"விழமாட்டேன்."

"என்னடி சொன்ன?" என்று நல்லகாமன் பாய்ந்து வந்தார்.

"விழாத பொம்பளய விழுந்தான்னு காட்ட நான் ஆளில்ல. நின்னுதான் வேசம் கட்டுவேன்."

"படத்துல ஓம் பேரு வராது. இந்தச் சீமையில ஒனக்கு இனி ஒரு மேடையும் கெடையாது."

"சந்தை இருக்குல்ல" என்றாள் தங்கப்பொண்ணு.

உள்ளே பாட்டு நின்றது. ஒரு கெக்கலிச் சிரிப்பு மட்டும் கேட்டது.

வேறொருத்தியை விழவைத்து, முதுகை மட்டும் காட்டிப் படத்தை முடித்தார்கள். மதுரையில் முதல் நாள் பகலாட்டம். தங்கப்பொண்ணும் ஜலாலும் தரை டிக்கெட்டில், திரைக்கு வெகு அருகில் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. அந்த முதுகு பண்ணையாரின் கால்களை நோக்கி நடந்தது.

வெள்ளைத் துணிக்குப் பின்னாலிருந்து அதே கரகரத்த குரல்.

"மிஷினை நிறுத்துங்கடா!" மாடியில் நல்லகாமன் அலறினார்.

படம் நின்றது. வெளிச்சம் போட்டார்கள். ஆபரேட்டர் ஸ்பீக்கர் வயரையே பிடுங்கிவிட்டார்.

பாட்டு நிற்கவில்லை.

கூட்டம் வெறும் திரையையே பார்த்தது. முத்துவெள்ளை வாசம் தரையெங்கும் பரவியது.

"தாயி, கடைசி அடியப் பாடுது" என்றார் ஜலால். அவள் கையைப் பிடித்து இழுத்தார். "போயிருவோம்."

"குரலு முன்னால வந்திருச்சுண்ணே. இனி எங்க போக?" தங்கப்பொண்ணு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள். "எந்திரிங்க. வாரது யாருன்னு தெரியும்ல?"

பாட்டு முடிந்தது.

திரையின் ஓரம் மெல்ல ஒதுங்கியது.