முக்காலியில் விட்டு வந்தவள்

திங்கட்கிழமை காலை அவள் காபியைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான், எதிரே உட்கார்ந்திருந்த கணவன் தன் காபியில் முதல் வாய் உறிஞ்சி, அதை அப்படியே தம்ளருக்குள் துப்பினான். பால் கெட்டிருந்தது. புளித்து, நூல் விட்டு, திரிதிரியாக அடியில் படிந்திருந்தது. அவள் தன் தம்ளரை எடுத்துப் பார்த்தாள். ஒரு திரிகூட மிச்சமில்லை.

"உனக்குத் தெரியலையா?" என்று கேட்டான்.

வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் அது சாதாரணக் கேள்வி. அவளுக்கோ பிழைப்பே மூக்கில்தான் இருந்தது. பால் தொழிற்சாலையில் பரிசோதகர் வேலை. விடிந்ததும் டேங்கர் லாரிகள் வரிசையில் வந்து நிற்கும். அவள் ஏணியில் ஏறி மூடியைத் திறந்து, தலையைக் கவிழ்த்து ஒரு மூச்சு இழுப்பாள். இறக்கலாம், அல்லது திருப்பி அனுப்பு என்று அங்கேயே சொல்லிவிடுவாள். சோதனைக் குழாயும் கருவியும் அதற்குப் பிறகுதான். ஒன்பது வருடத்தில் ஒரு லாரிகூடத் தப்பியதில்லை. ஓட்டுநர்கள் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

அந்த மூக்கு வீட்டுக்கும் கூடவே வந்ததுதான் வினை. கணவனின் சட்டைக் காலர், விருந்தாளி உட்கார்ந்து எழுந்த மெத்தை, ஆறு வயது மகளின் உச்சந்தலை எல்லாமே அவளுக்கு நாறின. கழுவினாள். துடைத்தாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினாள். மூன்று மாதத்துக்கு முன்னால் காய்ச்சலில் கிடந்த குழந்தை அவள் மடியிலேயே வாந்தி எடுத்தது. அவள் குழந்தையைக் குளியலறைக்குள் தள்ளி வெளியே தாழ் போட்டுவிட்டு, சமையலறைக் குழாயடியில் நின்று தன்னைக் கழுவிக்கொண்டே இருந்தாள். இரண்டு மணி நேரம். முதலில் அம்மா அம்மா என்று கூப்பிட்ட குரல் பிறகு நின்றுவிட்டது. கணவன் வந்து தாழைத் திறந்தபோது குழந்தை ஈரத் தரையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மகளைத் தூக்கிக்கொண்டு தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான். நீ சரியானதும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னான்.

அதற்காகத்தான் அவள் ஒரு மனப்பயிற்சிக் குழுவில் சேர்ந்தாள். ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில், சனிக்கிழமை சாயங்காலங்களில் ஏழு பேர் கூடினார்கள். முதலில் பத்து நிமிடம் மூச்சைக் கவனிக்க வேண்டும். பிறகு, இப்போது நமக்குள்ளே வண்டியை ஓட்டுவது யார் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொருவர் எதிரிலும் ஒரு முக்காலி காலியாக இருக்கும். உள்ளே இருக்கும் அந்த ஆளை வெளியே வரச் சொல்லி, முக்காலியில் உட்கார வைத்து, மரியாதையாகப் பேச வேண்டும். நமக்கு நாமே தலைவராவது என்றால் அதுதான் என்றார் பயிற்சி தரும் அம்மாள். பக்கத்தில் உட்காரும் பஸ் ஓட்டுநர் தன் கோபத்துக்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்திருந்தார். தான் முடிவு செய்வதற்குள் விசில் அடித்துவிடுகிறானாம். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

அவளுடைய ஆளுக்குப் பெயர் கழுவுகிறவள். ஆறாவது வாரம் அந்தக் கழுவுகிறவள் முதல்முறையாக முழுசாக முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடியிருந்தும் இவளுக்குத் தெரிந்தது. ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள், நகமே இல்லாத நுனிகள், எதையோ முகர்ந்துகொண்டே இருக்கும் மூக்கு, சோப்பும் வாந்தியும் கலந்த ஒரு வாடை. அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் இதையா எனக்குள் வைத்துச் சோறு போட்டேன் என்று நினைத்தாள்.

அந்தக் குழுவில் முடிக்கும்போது ஒரு முறை உண்டு. முக்காலியில் உள்ளங்கையை வைத்து, வா, உனக்கு உள்ளே இடம் இருக்கு என்று சொல்லி, அதே கையை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏழு பேரும் செய்து முடித்த பிறகே விளக்கை அணைப்பார்கள். "அவங்க கெட்டவங்க இல்ல, காவலுக்கு நிக்கிறவங்க," என்று அம்மாள் வாராவாரம் சொல்வார். "கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்றோம், அவ்வளவுதான். யாரையும் இங்கே விட்டுட்டுப் போயிடாதீங்க."

அந்தச் சனிக்கிழமை அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். கையை முக்காலியில் வைத்தாள், ஈரமாக இருந்தது. நெஞ்சுக்குக் கொண்டுபோகாமல் பின்பக்கம் புடவையில் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

ஆகவே இரண்டு நாள் கழித்துக் கெட்டுப்போன பாலைக் குடித்தது அவளைப் பயமுறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகக்கூட இருந்தது. அன்றைக்கு மாலை குளியலறைச் சாக்கடையில் அடைத்திருந்த முடிக்கற்றையை வெறுங்கையால் உருவி எடுத்தாள். கொழகொழவென்று நீளமாக வந்தது. விரலில் சுருட்டிக் குப்பையில் போட்டாள். கணவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண் கலங்கியதைப் பார்த்து அவளும் அழுதாள்.

புதன்கிழமை அவன் மகளைக் கூட்டிவந்தான். அவள் வாசலிலேயே குழந்தையை வாரி அணைத்து, ஒழுகிய மூக்கைத் தன் விரலாலேயே துடைத்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். மூன்று மாதப் பாரம் இறங்கியது. குழந்தை சிரிக்கவில்லை. கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கை கழுவப் போய்விட்டது. அத்தை வீட்டுப் பழக்கம் போலிருக்கிறது என்றான் கணவன். அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று கேலியும் செய்தான்.

வியாழக்கிழமை காலை மூன்றாவது டேங்கரின் மூடியைத் திறந்து அவள் மூச்சை இழுத்தாள். ஒன்றும் தெரியவில்லை. நாற்றம் வராமல் இல்லை, வந்தது. கனமான, இனிப்பான, கதகதப்பான ஒரு வாடை மூக்குக்குள் ஏறி நின்றது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை. எப்போதும் அந்த இடத்தில் தொண்டை இறுகும், நாக்கு பின்னால் போகும், வயிறு ஒரு முறை புரளும். அங்கே இப்போது வீடு காலி செய்த அறை மாதிரி வெறுமையாக இருந்தது. இறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டாள். சிறிது நேரத்தில் ஆய்வக உதவியாளர் ஓடி வந்தாள்.

"அக்கா, வடிகட்டியில வந்து பாருங்க."

எலி. ஊறி இரண்டு மடங்கு பெருத்திருந்தது. முடி கழன்று பாலில் மிதக்க, தோல் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. உதவியாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள். இவள் குனிந்து வாலைப் பிடித்துத் தூக்கி வாளியில் போட்டாள். திரும்பியபோது உதவியாளர் தன்னையே வெறித்துப் பார்ப்பதைக் கவனித்தாள். ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. விரல்களை அவள் நக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயம் வந்தது. இது தப்பு என்று தலைக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். குமட்டலை வரவழைக்கப் பார்த்தாள். எலியை நினைத்தாள், வாளியை நினைத்தாள், விரலைத் தொண்டை வரை விட்டாள். எச்சில்தான் வந்தது. அது பசிக்கு ஊறுகிற எச்சில்.

வெள்ளிக்கிழமை மாலை கூடத்தில் உட்கார்ந்து மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டு, மேஜையின் கடைசி விளிம்புக்குப் போயிருந்தது. தான் எதையோ மென்றுகொண்டிருப்பது நடுவில்தான் அவளுக்கு உறைத்தது. ரப்பர் மாதிரி இழுபட்டது. லேசாக உப்பு. துப்பிப் பார்த்தாள்.

பிளாஸ்திரி. காலையில் மகளின் முழங்காலிலிருந்து பிரித்துக் குப்பைக்கூடையில் போட்டது. நடுவில் இருந்த பஞ்சு சப்பி வெளுத்திருந்தது. மஞ்சளும் சிவப்புமாக அதில் இருந்த கறை இப்போது இல்லை.

குப்பைக்கூடையை எப்போது திறந்தாள்? நினைவில்லை. குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பயந்த பார்வை இல்லை. மூக்கின் இரண்டு பக்கமும் மெல்லச் சுருங்கியிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டுக் கை கழுவப் போய்விட்டது. குழாய் வெகுநேரம் ஓடியது.

சனிக்கிழமைக்காக அவள் காத்திருந்தாள். அதுவரை குழந்தையைத் தொடவில்லை. வாயில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சமைத்தாள். ஐந்தரை மணிக்கு முதல் ஆளாக மாடியேறினாள். ஆறு முக்காலிகள் வட்டமாகக் கிடந்தன. அவளுடையது இல்லை.

அது காயவே மாட்டேன் என்றதாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, அம்மாள் வாசல் பக்கம் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். உதட்டை மட்டும் அசைத்ததைச் சொன்னாள். அம்மாள் முகத்தில் இருந்த சாந்தம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. இரண்டு பேரும் வாசலுக்குப் போனார்கள். முக்காலி அங்கேதான் கிடந்தது. அவள் மண்டியிட்டு உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள்.

காய்ந்திருந்தது. வெறும் மரம்.

"இங்கே யாராவது உட்கார்ந்தாங்களா?" என்று கேட்டாள்.

அம்மாள் முக்காலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "செவ்வாய்க்கிழமை உங்க வீட்டுக்காரர் வந்தாரே, சொல்லலையா? குழந்தையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்க வந்தார். நாங்க உள்ளே பேசிட்டிருந்தோம்." அவர் குரல் தாழ்ந்துபோனது. "பாப்பா இங்கேதான் உட்கார்ந்திருந்தா. ரொம்ப நேரம்."

அவள் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். தெருமுனைக் கடையிலிருந்து கணவன் வந்துகொண்டிருந்தான். கையில் சோப்புக் கட்டிகள்.

"மூணு நாள்ல நாலு சோப்பு. உன் பொண்ணு உன்னை மிஞ்சிட்டா," என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எவ்வளவு நேரமா கழுவுறா?" என்று கேட்டாள். மத்தியானத்திலிருந்து என்றான்.

வீட்டு வாசலிலேயே சத்தம் கேட்டது. குழாய். அதற்கு அடியில் இன்னொரு சத்தம். சரக். சரக். தரை தேய்க்கிற பிரஷ்.

குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. குழந்தை வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று, தொட்டியில் குனிந்திருந்தது. கைகள் நுரைக்குள் இருந்தன. நுரை வெள்ளையாக இல்லை.

"குட்டி."

தேய்ப்பது நின்றது. குழந்தை திரும்பவில்லை. முதலில் முகர்ந்தது. ஒரு மூச்சு. நீளமாக. டேங்கர் மூடியில் அவள் இழுக்கிற அதே மூச்சு. பிறகு திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்ற குழந்தையை அவள் பார்த்த பார்வை.

"கிட்ட வராதே. நாறுற."

குழந்தை கதவைச் சாத்தியது. உள்ளே தாழ் விழுந்தது.

அவள் தரையில் விழுந்து கதவில் உள்ளங்கையை வைத்தாள். "வா. உனக்கு உள்ளே இடம் இருக்கு." சத்தமாகச் சொன்னாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னாள். "என்கிட்ட வா. குழந்தையை விட்டுடு. உனக்கு இடம் இருக்கு." பின்னால் கணவன் சோப்புக் கட்டிகளோடு நின்றான். ஒன்றும் விளங்காமல் கதவில் மோதினான். தாழ் அசையவில்லை.

சரக். சரக்.

பிறகு உள்ளேயிருந்து பதில் வந்தது. குழந்தையின் குரல்தான். ஆனால் பேச்சு அவளுடையது. அந்த இழுப்பு, அந்த எரிச்சல், கடைசி எழுத்தைக் கடித்து முடிக்கிற விதம் எல்லாம் அவளுடையது.

"எனக்கு இங்கேயே இடம் இருக்கு. நிறையச் சுத்தம் பண்ணணும்."

கதவின் அடியிலிருந்து தண்ணீர் வந்தது. வெதுவெதுப்பாக அவள் முழங்காலை நனைத்தது. இளஞ்சிவப்பு. நுரையோடு மெல்லிய, வெளுத்த சருகு மாதிரி ஏதோ மிதந்து வந்தது. கணவன் அலறினான். கதவை உதைத்தான். அவளும் அலற வேண்டும். குமட்ட வேண்டும். உள்ளே காலியான அந்த இடத்தில் தேடினாள். ஒன்றுமில்லை.

வாயில் எச்சில் ஊறியது.

விரல் உதட்டில் இருந்தது. எப்போது போனது? சோப்பு. உப்பு.

உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரலை மறுபடியும் தண்ணீரில் நனைத்தாள்.