லாசரஸ் சாரின் வீங்கிய இடது கண்

லாசரஸின் மருமகள் எப்சி அழுதுகொண்டே ரத்தினபாய் வீட்டுப் படியேறி வருவதற்குள், சிட்லபாக்கத்தின் அந்தத் தெரு தீர்ப்பே எழுதி முடித்திருந்தது.

"ஆன்ட்டி, மாமா கண்ணுல நான்தான் குத்திட்டேன்னு பேசிக்கிறாங்க. கட்டின புருஷன் ஜெர்சன்கூட என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். மாமாவைக் கேட்டா, பாத்ரூம்ல வழுக்கிட்டேங்கறார். அதுக்குமேல வாயே திறக்கல."

அங்கே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண் வார்டில் முப்பது வருஷம் சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற ரத்தினபாய் செருப்பை மாட்டியதும், இவளும் கிளம்பினாள். யாரும் கூப்பிடவில்லை, அவளை யாரும் கூப்பிட்டதே இல்லை.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு கான்வாஸ் ஷூ போட்டுக்கிட்டு போனார்க்கா. கையில பைபிளும் இல்ல. நான் எதையும் கவனிக்கிறவ இல்ல, கண்ல பட்டுது," என்றாள் வழியில்.

லாசரஸின் கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. சுற்றியுள்ள எலும்பின் விளிம்பை ரத்தினபாய் மெல்லத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை, பள்ளம் இல்லை. ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.

"ரெண்டு விரல் தெரியுது, சிஸ்டர்."

"மேலுதடு?"

"மரத்துப்போச்சு. காபி வழியுது."

"எப்படிண்ணா விழுந்தீங்க?"

"மேல பார்த்தேன். வெயில் கூசிச்சு. அவ்வளவுதான்."

"பாத்ரூம்ல ஏதுண்ணா வெயில்?"

ரத்தினபாய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"குழாய்ல இடிச்சிருந்தா புருவம் கிழிஞ்சிருக்கும். உங்களுக்கு விளிம்பு அப்படியே இருக்கு; கண்ணைத் தாங்குற தரை எலும்புதான் விரிசல் விட்டிருக்கணும். அது முட்டை ஓடு மாதிரி. உருண்டையா ஒண்ணு வந்து கண்ணை அமுக்கினா, அதுதான் முதல்ல உடையும். கன்னத்து நரம்பு அது வழியாத்தான் போகுது, அதனாலதான் உதடு மரத்திருக்கு."

"கைமுட்டிகூட உருண்டைதானேக்கா?" என்றாள் நாகலக்ஷ்மி, ஆசையோடு.

"கைமுட்டி ஆகாசத்துலேருந்து விழாது. ஷூ போட்டுக்கிட்டு, வெயில்ல அண்ணாந்து நின்னிருக்கார். கேட்ச்! டென்னிஸ் பால்தானேண்ணா?"

லாசரஸ் தலையைக் குனிந்துகொண்டார். "நெஞ்சுல ஸ்டென்ட் வச்சதுலேருந்து ஓடவே கூடாதுன்னுட்டான் ஜெர்சன்." பிறகு குரல் இளகியது. "தாம்பரம் ரயில்வே மைதானம். பள்ளிக்கூடத்து டீம்ல ஏழு பேர், நாப்பது வருஷம் கழிச்சு. தோத்தாத்ரி இன்னமும் அவுட் ஆனா பேட்டைத் தரமாட்டேங்கறான்! ஜோனத்தான் தூக்கி அடிச்சான். 'டேய் லாசு, உன்னுது'ன்னு கத்தினாங்க. என்னை டேய்னு கூப்பிட இப்ப வேற யார் இருக்கா, சிஸ்டர்?"

எப்சியின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கம்மா. ஜெர்சன்கிட்ட நானே சொல்றேன்."

"டாக்டர்கிட்டயும் சொல்லுங்க," என்றார் ரத்தினபாய். "இன்னிக்கே ஸ்கேன். சின்ன விரிசல்னா தானா கூடிடும். தசை சிக்கியிருந்தா ஆபரேஷன்தான். தள்ளிப்போட்டா ரெட்டைப் பார்வை நிலைச்சுடும். அதுவரைக்கும் மூக்கைச் சீந்தாதீங்க, காத்து கண்ணுக்குள்ள ஏறிடும்." பிறகு நிதானமாகக் கேட்டார்: "நாகு, எப்சி குத்தினான்னு தெருவுக்குச் சொல்லி முடிக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை... அரை மணி நேரம்க்கா."

"இதைத் திருத்திச் சொல்லவும் அரை மணி நேரம்தான். கிளம்பு."

முதல் வாசலிலேயே பாலாம்பாள் நின்றிருந்தாள். "எப்சி அடிக்கல," என்றாள் நாகலக்ஷ்மி. "நான்தான் தெரியாம சொல்லிட்டேன். அவர் கிரிக்கெட் ஆடியிருக்கார்."

"அவ்வளவுதானா?" என்றாள் பாலாம்பாள், ஏமாந்துபோய்.