பின்னால் ஏறிய பயணி

வீட்டில் எல்லோரும் அவளைப் பட்டாணி என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பத்து. அப்பாவும் அம்மாவும் குன்றுச் சரிவில் முட்டைக்கோஸும் கேரட்டும் பயிரிட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் விளையும். அதைக் கீழே சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள்தான் உயிர் போய்விடும். மழை பெய்தால் பாதை முழுக்கச் சேறு. லாரி ஏறாது. கூடைகளை அப்பாதான் முதுகில் சுமந்து இறக்க வேண்டும்.

"இது என் முதுகா, கேரட்டோட முதுகான்னே தெரியல" என்பார் அப்பா.

அதனால் ஒரு ஏடிவி வாங்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஏடிவி என்றால், பைக்கைப் போல ஹேண்டில்பாரும், கொழுகொழுவென்று நான்கு டயர்களும் உள்ள வண்டி. சேறு, மணல், மேடு, பள்ளம் எதற்கும் அசராது. புதிது வாங்க வசதி இல்லை. பழையதாகத் தேடினார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, ஒருவர் குட்டி லாரியில் ஒரு வண்டியை ஏற்றிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கையில் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். வண்டியும் பளபளவென்று கறுப்பாக இருந்தது. விலையோ, மற்றவர்கள் கேட்டதில் பாதிதான்.

"ஏன் தம்பி இவ்வளவு கம்மியா தர்றீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"உங்களைப் பாத்தா நல்லவங்களா தெரியுதுக்கா. அதான்."

"லாரியை விட்டு இப்பதானே இறங்கினாரு? அதுக்குள்ள எப்படித் தெரிஞ்சுது?" என்று அம்மாவின் காதில் கேட்டாள் பட்டாணி.

வண்டியைக் கீழே இறக்கியதும் அப்பா அதில் ஏறி, களத்தை ஒரு வட்டம் அடித்தார். அவர் முகத்தில் பல்லைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

அப்போது கீழ்ப் பாதையிலிருந்து ஒரு நாய் தலைதெறிக்க ஓடி வந்தது. ஒரு காது நிமிர்ந்து நின்றது. இன்னொன்று மடிந்து கிடந்தது. குரைக்கவில்லை, கடிக்கவில்லை. வண்டி நின்றதும் ஒரே தாவலில் ஏறி, அப்பாவுக்குப் பின்னால் சாமான் வைக்கும் கம்பித் தட்டில் உட்கார்ந்துகொண்டது, டிக்கெட் வாங்கிய பயணி மாதிரி.

"ஏய், இறங்கு" என்று கையை ஓங்கினார் விற்க வந்தவர். நாய் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அடிக்காதீங்க மாமா. உங்க நாயா இது?" என்றாள் பட்டாணி.

"நான் நாயே வளத்ததில்ல."

"அப்பா, இன்னொரு சுத்து போங்களேன். இது என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

அப்பா வண்டியைக் கிளப்பினார். இடப்பக்கம் திரும்பும்போது நாயும் இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கம் சாய்ந்தது. மேட்டில் ஏறும்போது, முன்னால் நகர்ந்து அப்பாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டது.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பட்டாணிக்குச் சிரிப்பு வரவில்லை. புது வண்டி என்றால் நாய் பயப்படும். தடுமாறி விழும். இதுவோ தினமும் போய்வருவது போல உட்கார்ந்திருக்கிறதே?

வண்டி நின்றதும் அவள் நாயைக் கொஞ்சுவது போலப் பக்கத்தில் போனாள். கழுத்துப் பட்டையில் ஒரு சின்னத் தகடு தொங்கியது. அதில் இருந்த போன் நம்பரை மனதில் பதித்துக்கொண்டாள். குனிந்தவள் இன்னொன்றையும் பார்த்தாள். ஒவ்வொரு வண்டியின் சட்டத்திலும் அதற்கென்று ஒரு நம்பர் அடித்திருப்பார்கள் என்று மெக்கானிக் சித்தப்பா சொல்லியிருந்தார். இந்த வண்டியில் அந்த இடத்தை யாரோ சுரண்டி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஓரத்தில் பெயின்ட் உரிந்து, உள்ளே சிவப்பு தெரிந்தது.

அவள் கத்தவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, "தண்ணி வேணும்மா" என்று வீட்டுக்குள் இழுத்துப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா தகட்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள்.

மறுமுனையில் பேசியது ஒரு பெண். அடுத்த ஊரில் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்.

"ஒரு காது மடிஞ்சிருக்கா? என் நாய்தாங்க அது. வண்டி சிவப்பா?"

"மேல கறுப்புங்க. உள்ள சிவப்பு."

டாக்டர், "அது என் வண்டிதான். போன மாசம் திருடு போச்சும்மா. காசு குடுத்துடாதீங்க. சண்டையும் வேண்டாம். போலீஸைக் கூட்டிட்டு உடனே வர்றேன்" என்றார்.

வெளியே விற்க வந்தவர் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். "காசு ரெடியாண்ணே? எனக்கு வேற வேலை இருக்கு."

அம்மா அப்பாவிடம் கண்ணால் ஏதோ சொன்னாள். அப்பாவுக்குப் புரியவில்லை. ஆனால் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. "பொறுங்க தம்பி, டயரை ஒருதரம் பாத்துடறேன்" என்று ஒவ்வொரு டயராக அழுத்திப் பார்த்தார். பிறகு மறுபடி முதல் டயரிலிருந்து ஆரம்பித்தார்.

"மாமா, இதை எப்படி ரிவர்ஸ் எடுக்கறது?" என்று கேட்டாள் பட்டாணி. அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

"இது ஒரு விஷயமா? பாரு" என்று அவர் ஏறினார். நாய் உடனே இறங்கிவிட்டது. அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். இன்னொன்றை இழுத்தார். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டியை முறுக்கினார். வண்டி முன்னால் பாய்ந்தது. நேரே எருக்குழி.

எதற்கும் அசராத வண்டி, மூக்கு வரை சாணத்தில் அமர்ந்தது. அவரும் இடுப்பு வரை அமர்ந்தார். கறுப்புக் கண்ணாடி தலையில் ஏறிக்கொண்டது. லாரிச் சாவி எங்கோ அடியில் போய்விட்டது. போலீஸ் ஜீப் வந்தபோதும் அவர் இரண்டு கையாலும் சாணத்தைத் துழாவிக்கொண்டிருந்தார்.

ஜீப்பிலிருந்து டாக்டர் இறங்கியதும், நாய் பாய்ந்து போய் அவர் முகத்தை நக்கியது.

"வண்டி போனதிலேர்ந்து குன்று குன்றா நடந்துதான் வைத்தியம் பாக்கறேன். நான் நடக்க, இவன் வழியெல்லாம் மோந்து தேடிக்கிட்டே வருவான். இன்னிக்கு விடியும்போதே காணாமப் போயிட்டான்" என்றார் டாக்டர்.

விற்க வந்தவரை ஜீப்பில் ஏற்றிய போலீஸ்காரர்கள், வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பா அது போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் அவர் பக்கம் வந்தார். "காசு குடுத்திருந்தா காசும் போயிருக்கும், வண்டியும் போயிருக்கும். அடுத்த தடவை நானும் வர்றேன். நம்பரைப் பாப்போம். போலீஸ்ல கேப்போம். அப்புறம்தான் விலை."

சொன்னபடியே வந்தார். இந்த முறை வண்டி ஒரு மரக்கடைக்காரருடையது. பச்சை நிறம், வயதான வண்டி.

"இடது லைட் எரியாது. சத்தம் ரொம்ப ஜாஸ்தி. சீட்டு கிழிஞ்சிருக்கு" என்று கேட்பதற்கு முன்பே ஒப்பித்தார் அவர்.

நம்பர் தெளிவாக இருந்தது. பட்டாணி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். டாக்டர் போலீசுக்குப் போன் செய்து கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

அப்பா ஓட்ட, அம்மாவும் பட்டாணியும் பக்கத்தில் நடந்து வந்தார்கள். வண்டி போட்ட சத்தத்தில் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

"நாம வண்டி வாங்கினது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு" என்றாள் அம்மா.

"நல்லாத் தெரியட்டும்மா" என்று சொல்லிவிட்டு, பட்டாணி எட்டிக் கையை நீட்டி ஹாரனையும் ஒருமுறை அழுத்தினாள்.