தலைக்கவசப் பையில் முலாம்பழம்

"மூணு மணிக்கு என் தம்பி கடைசிப் பந்தயத்துல பறக்கணும். அவனோட தலைக்கவசப் பையில இருக்கறது இதுதான்" என்று சொல்லிவிட்டு, மார்லிஸ் டாலிவர் ஒரு முலாம்பழத்தை வெர்னாவின் மடியில் வைத்தாள்.

வெர்னா ஆஸ்ட்ராண்டர் பழத்தைப் பார்த்தாள். பிறகு மார்லிஸுக்குப் பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற கிளைடைப் பார்த்தாள். அவன் வெர்னாவின் இறந்துபோன கணவனின் தம்பி. தீ விபத்து இழப்பீடு கேட்டு வருகிறவர்களில் பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிப்பதுதான் வெர்னா செய்துவந்த வேலை. அதிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது, ரீனோ விமானப் பந்தயத்துக்கு வருவது வேடிக்கை பார்க்க மட்டும்தான், யாரிடமும் வாயைத் திறக்காதே என்று புறப்படும்போதே அவனிடம் சொல்லியிருந்தாள். முதல் நாள் மதியத்துக்குள் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அவன் சொல்லி முடித்திருந்தான்.

"நானா போய்ச் சொல்லலை அண்ணி. அவங்களாத்தான் கேட்டாங்க."

"உன் வேலை என்னன்னு கேட்டிருப்பாங்க. நீ என் வேலையைச் சொன்னே."

அன்று பந்தயத்தின் நான்காவது நாள், ஞாயிற்றுக்கிழமை. பாலைவனத் தூசி பல்லுக்கிடையில் நறநறத்தது. பார்வையாளர் மேடை வடக்கே ஓடுதளத்தைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்ததால் காலையிலிருந்து மாலைவரை வெயில் முதுகில்தான். வெர்னாவின் பிடரி தீய்ந்துபோயிருந்தது. சட்டைக் காலர் படும்போதெல்லாம் உயிர் போனது. பொறுமைசாலி என்று எல்லோரும் அவளைச் சொல்வார்கள். எரிச்சலை முகத்துக்கு வரவிடாமல் பிடித்து வைத்திருப்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இன்றைக்கு அந்தப் பிடி நழுவிக்கொண்டிருந்தது. ஆனாலும் மார்லிஸின் முகத்தைப் பார்த்த பிறகு போ என்று சொல்ல மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். மார்லிஸும் தம்பி ராய்ஸும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் தங்கள் கொட்டகையில் சேர்ந்து கட்டிய விமானம் அது. இயந்திரம் அவள் பொறுப்பு, பறப்பது அவன். விமானங்கள் நிற்கும் இடத்தில் கூட்டமும் தூசியும் அதிகம் என்பதால், ராய்ஸின் தலைக்கவசம் எப்போதும் மேடையில் அக்காவிடம்தான் இருக்கும். இன்று காலை அதற்குள் இருக்கும் காதொலிக் கருவியின் கம்பியைப் பற்றவைத்துச் சரிசெய்து, பையில் போட்டு மூடி, தன் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். பிறகு காலையின் கடைசிப் பந்தயம் தொடங்கியது. கடைசிச் சுற்றில் இரண்டு விமானங்கள் இறக்கையோடு இறக்கை உரசுகிற மாதிரி வர, மேடையே எழுந்து நின்றது. சாப்பாட்டுக்குப் பிறகு ராய்ஸ் வந்து பையைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு போனான். கனம் சரியாக இருந்தது. விமானத்தின் பக்கத்தில், எல்லோர் முன்னாலும் திறந்தபோதுதான் துண்டில் சுற்றிய பழம் தெரிந்தது.

பரிசோதகர்கள் பார்த்து முத்திரை ஒட்டிய தலைக்கவசம் இல்லாமல் பந்தயத்தில் விடமாட்டார்கள். வேறு ஒன்றைத் தேடி முத்திரை வாங்க நேரமில்லை.

"அவன் என்ன சொன்னான்?" என்று வெர்னா கேட்டாள்.

மார்லிஸ் ஓடுதளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒரு பையைப் பார்த்துக்கத் துப்பில்ல, இயந்திரத்தை எப்படி உன்னை நம்பி விடறதுன்னான். நாளையிலேர்ந்து கொட்டகைப் பக்கம் வராதேன்னுட்டான். அந்தக் கொட்டகையை விட்டா எனக்கு வேற எதுவும் கிடையாதுங்க."

டாலிவர் குடும்பத்தின் இடம் மேடையின் முன்வரிசையில், கம்பி போட்டு அடைத்த சிறு அடைப்பு. வருஷா வருஷம் அதே அடைப்பு, அதே அண்டை அயல். வெர்னா அங்கே போனபோது ராய்ஸின் மனைவி காரின் எல்லோருடைய பைகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். கணவன் வானத்திலிருந்து கண்டுகொள்வதற்காக எல்லா நாளும் மஞ்சள் சட்டையே போடுவாளாம். மூக்கும் கன்னமும் சிவந்து தோலுரிந்திருந்தது. வெர்னாவின் கையில் எலுமிச்சைச் சாறு ஒரு குவளையைத் திணித்துவிட்டு, நாற்காலிகளுக்கு அடியில் மறுபடி குனிந்தாள். தூக்கிக் கட்டிய கொண்டைக்குக் கீழே பிடரி வெளுத்துத் தெரிந்தது.

கிளைட் அதற்குள் வழக்கை முடித்துவிட்டான். "பக்கத்து அடைப்பு ஃபெர்மின் அரியேட்டாதான் அண்ணி. ஃபாலன் ஊர்லேர்ந்து ஒரு பெட்டி முலாம்பழம் கொண்டாந்திருக்கார். முன்னாடி பந்தயத்துல விமானம் ஓட்டி ராய்ஸ்கிட்டத் தோத்தவர். பழம் அவரோடது, பகையும் அவரோடது."

ஃபெர்மின் தன் விளிம்பில்லாத பாஸ்க் தொப்பியை நகர்த்தி அவனை மேலும் கீழும் பார்த்தார். வருஷா வருஷம் இந்த வரிசை முழுக்கப் பழம் கொடுக்கிறவர் அவர். இன்றைக்கும் எல்லா அடைப்பிலும் அவர் பழம் இருந்தது.

"திருடறவன் தன் பேரு எழுதின மாதிரி இருக்கற பழத்தையா உள்ள வச்சிட்டுப் போவான்? ராய்ஸ் என்னைத் தோக்கடிச்சான், வாஸ்தவம். நானும் பின்னாடிப் பந்தயத்துல அவனைத் தோக்கடிச்சேனே, அதைச் சொல்ல மாட்டியா? வேணும்னா என் பெட்டியைக் கவுத்துப் பாரு. பழம் நசுங்கினா நீதான் தின்னணும்."

கிளைட் கவிழ்த்தான். பழம்தான் இருந்தது.

அதன் பிறகு அவன் சுற்றுவட்டாரத்தில் இருந்த எல்லோரிடமும் போய், பைக்குப் பக்கத்தில் யாரைப் பார்த்தீர்கள் என்று விசாரித்தான். ஒருவரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் அந்தக் கடைசிச் சுற்றைத்தான் சொன்னார்கள், கையால் விமானம் ஓட்டிக் காட்டினார்கள். ஒரு கிழவர் அவன் தோளைப் பிடித்துச் சாய்த்துத் திருப்பமே எடுத்துக் காட்டிவிட்டார். வெர்னாவுக்கு ஆயாசமாக இருந்தது. பட்டப்பகலில், இத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் நடந்த திருட்டு. அத்தனை பேரும் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒரு கண்கூடத் தரையில் இல்லை.

அவள் வேறொரு கேள்வியைத்தான் கேட்டாள். அதையும் சலிப்போடு, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, பொழுதுபோகாமல் கேட்கிற மாதிரி கேட்டாள். அந்தப் பந்தயத்தில் ஜெயித்தது யார்? ஃபெர்மின் வெள்ளை விமானம் என்றார், விமானங்கள் திரும்பும் கம்பத்துக்குப் பக்கத்தில் அது எப்படி உள்ளே நுழைந்தது என்பதையும் சொன்னார். மார்லிஸும் வெள்ளை என்றாள். தலைக்கவசம் எங்கே என்று மூன்றாவது முறையாகக் கேட்க வந்த ராய்ஸ்கூட, எரிந்து விழுந்துகொண்டே வெள்ளை என்றான். கிளைட் சிரித்தான். ஒலிபெருக்கி ஆள் மட்டும் பச்சை பச்சை என்று கத்தியதும் மேடை முழுக்க ஊளையிட்டதும் அவனுக்கு ஞாபகம் வந்தது. அந்த ஒலிபெருக்கிக்காரர் பந்தயத்துக்கு ஒருமுறையாவது தப்பாகச் சொல்வார், ஒருபோதும் திருத்தமாட்டார்.

தேடிக்கொண்டிருந்த பையிலிருந்து தலை நிமிராமலே காரின் பதில் சொன்னாள். "பச்சைதாங்க. மூக்கு நீளத்துல முந்திடுச்சு. என்ன அழகா இருந்தது."

அதற்குள் ஜெட் விமானங்களின் பந்தயம் தொடங்கிவிட்டது. பேச முடியவில்லை. தலைக்கவசம் போனவனும் விசாரிக்க வந்தவனும்கூட வாயைப் பிளந்து மேலே பார்த்தார்கள். வெர்னாவுக்கு வந்த கோபத்தில் அவள் வானத்தைப் பார்க்க மறுத்தாள். மேடையின் படிகளில் ஏறி நின்று, கீழே இருந்த மனிதர்களின் முதுகைப் பார்த்தாள். வரிசை வரிசையாகச் சிவந்த பிடரிகள். கிளைடின் பிடரி பீட்ரூட். ஃபெர்மினுடையது சுட்ட செங்கல். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு மெல்ல எரிச்சல் வடிந்தது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அது தெரிந்துகொண்டதன் திருப்தி அல்ல. அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

ஜெட் சத்தம் ஓய்ந்ததும் எல்லோரையும் அடைப்பில் உட்காரச் சொன்னாள். ராய்ஸ் உட்காரவில்லை. மணி ஆகிறது, கதை கேட்க நேரமில்லை என்றான்.

"அப்போ நின்னுக்கிட்டே கேளு" என்றாள் வெர்னா. "பையைத் திறந்து, தலைக்கவசத்தை எடுத்து, பழத்தைத் துண்டுல சுத்தி, கனம் சரியா இருக்கான்னு பார்த்து மூடணும். இதெல்லாம் கடைசிச் சுற்றுலதான் நடந்திருக்கணும். அப்போதான் எல்லாரும் எழுந்து நின்னீங்க. ஆனா இதைச் செஞ்ச ஆளு கீழே பார்த்தாகணும். இங்க யாரு கீழே பார்ப்பீங்க? வீடு தீப்பிடிச்சாலும் சுத்து முடியட்டும்னு நிப்பீங்க. அதனாலதான் யாரு ஜெயிச்சான்னு கேட்டேன். கண்ணால பார்த்தவங்க அத்தனை பேரும் வெள்ளைன்னீங்க. காதால மட்டும் கேட்டவங்களுக்குத்தான் பச்சை."

கிளைட் யார் யார் என்ன சொன்னார்கள் என்று விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான்.

"ஒரு தடவை மட்டும் பார்க்காம விட்டிருந்தா அதோட போயிருக்கும். ஆனா கழுத்தைப் பாருங்க. நாலு நாளா நம்ம எல்லாருக்கும் பிடரிதான் வெந்திருக்கு. ஒருத்தருக்கு மட்டும் பிடரி வெளுப்பா இருக்கு, முகம் உரிஞ்சிருக்கு. நாலு நாளும் அந்த முன்கம்பியில சாஞ்சு, ஓடுதளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாத்தான் அப்படி ஆகும். ஒருத்தரும் கவனிக்கலை. நீங்கதான் அவ தலைக்கு மேல பார்த்துக்கிட்டிருந்தீங்களே." வெர்னா காரினின் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கு எல்லாப் பையையும் கவுத்தாச்சு. தேடின ஆளோட பையை மட்டும் யாரும் கேக்கலை."

காரின் தன் ஓலைப் பையைக் கால்களுக்கிடையிலிருந்து எடுத்தாள். மேலே இருந்த கம்பளிச் சட்டையை விலக்கினாள். தலைக்கவசத்தை இரண்டு கைகளாலும், சூடான பாத்திரத்தைப் போல ஏந்தி வெளியே வைத்தாள்.

"பதினோரு வருஷமா நீ பறக்கறதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல, ராய்ஸ்" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை, அலுப்புதான் இருந்தது. "ஒலிபெருக்கியில கேட்டு மனப்பாடம் பண்ணுவேன். ராத்திரி எப்படி இருந்ததுன்னு நீ கேப்பே இல்ல, அதுக்கு. ஏப்ரல்ல உன்னோட பறந்த கார்ல் விமானத்தோட விழுந்து செத்தப்புறம் அவன் பொண்டாட்டிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவ பார்த்துக்கிட்டே இருந்தாளாம். கடைசிவரைக்கும் பார்த்தேன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தா."

ராய்ஸ் தலைக்கவசத்தைத் தொடவில்லை. "ஒவ்வொரு சுத்துலயும் நான் உன் மஞ்சள் சட்டையைத் தேடுவேன். நீ என்னைப் பார்க்கறேன்னு நினைச்சுக்குவேன்."

"சட்டையைப் பார்த்தே. முகம் எந்தப் பக்கம்னு பார்க்கலை."

மார்லிஸ் காரினைப் பார்த்தாள். "அவனுக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்தே, சரி. என்னைப் பத்தி ஒரு நிமிஷம் நினைச்சியா? என்னைக் கொட்டகையை விட்டே துரத்தினான். அதைக் கேட்டுட்டு வந்து நான் சொன்னப்ப நீ பக்கத்துலதான் நின்னே. சாறு ஊத்திக் குடுத்தே."

"நினைச்சேன்" என்றாள் காரின். "நினைச்சும் பேசாம இருந்தேன். அதுக்கு மன்னிப்பு கேக்கற யோக்கியதைகூட எனக்கு இல்ல."

வெர்னா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். இந்த வேலையில் அவளுக்கு எப்போதுமே பிடிக்காத கட்டம் இது. உண்மை வெளியே வந்ததும் மனிதர்கள் அதைச் சுற்றி என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற கட்டம். முன்பெல்லாம் இந்நேரம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாள்.

ராய்ஸ் தொண்டையைக் கனைத்தான். "நீ வேணாம்னா நான் பறக்கலை, காரின். சொல்லு."

"அதையும் என் தலையில கட்டாதே." காரினுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "இதை எடுத்து வச்சேனே தவிர, தூக்கிப் போட முடிஞ்சுதா? இவ்வளவு நேரமும் காலுக்கிடையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பறக்கணும்னா பற. என்னைப் பார்க்கச் சொல்லாதே. ராத்திரி எப்படி இருந்ததுன்னு கேக்காதே. எனக்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

ராய்ஸ் தலைக்கவசத்தை எடுத்து, மார்லிஸிடம் நீட்டினான். காதொலியை ஒருமுறை பார்த்துத் தரும்படி கேட்டான். மார்லிஸ் கையை நீட்டவில்லை.

"கொட்டகைக்கு வராதவளை எதுக்குப் பார்க்கச் சொல்றே?"

"தப்புதான் அக்கா."

"அங்க எல்லார் முன்னாடியும் சொன்னே. இங்க மெதுவாச் சொல்றே."

ஃபெர்மினும் கிளைடும் வேறெங்கோ பார்ப்பதாகப் பாவனை செய்தார்கள். ராய்ஸ் படியிறங்கி விமானங்கள் நிற்கும் பக்கம் நடந்தான். மார்லிஸ் பின்னாலேயே போனாள். அங்கே அவன் தன் ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தி, தொப்பியைக் கழற்றியதை மேடையிலிருந்தே பார்க்க முடிந்தது. அவன் என்ன பேசினான் என்று கேட்கவில்லை. மார்லிஸ் அதன் பிறகுதான் தலைக்கவசத்தைக் கையில் வாங்கினாள்.

மூன்று மணிக்கு விமானங்கள் வரிசையாக ஏறின. மார்லிஸ் வேர்க்க விறுவிறுக்க அடைப்புக்குத் திரும்பி வந்து முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காரின் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தாள். இந்தமுறை ஒளிவுமறைவு இல்லை, எல்லோரும் பார்க்கும்படி மேடைக்கு முகமும் ஓடுதளத்துக்கு முதுகுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன. வெர்னா தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் அதே மாதிரி திருப்பிப் போட்டாள்.

"அண்ணி, இதுதான் கடைசிப் பந்தயம்" என்றான் கிளைட், தாங்க முடியாமல். "இதுக்குத்தானே நாலு நாளா வெந்தோம்."

"நீ பாரு. எனக்கும் சேர்த்துப் பாரு."

முதுகுக்குப் பின்னால் சத்தம் எழுந்தது, நெருங்கியது, விலா எலும்பை உலுக்கிவிட்டுக் கடந்தது. அது யாருடைய விமானம் என்று வெர்னாவுக்குத் தெரியவில்லை. காரின் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது மார்லிஸ் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, காரினின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். பிடிவாதமான திருகாணியைத் தட்டுகிற மாதிரி, பலமாக, அன்பு இல்லாமல். காரின் திடுக்கிட்டாள். பிறகு அவளுக்கு விளங்கியது: ராய்ஸ் கடந்துவிட்டான்.

அடுத்த சுற்றில் மறுபடி ஒரு தட்டு. அதற்கடுத்த சுற்றில் இன்னொன்று. இரண்டு தட்டுகளுக்கு நடுவில் காரின் மூச்சு விடவில்லை, தட்டு விழுந்ததும் விட்டாள். கடைசிச் சுற்றில் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. கூட்டம் எழுந்து நின்றது, ஒலிபெருக்கி எதையோ கத்தியது, கை வரவில்லை. வெர்னா தன்னை அறியாமல் காரினின் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு சத்தம், மற்றவற்றுக்குப் பின்னால், சற்றுத் தனியாக வந்தது.

மார்லிஸின் கை தோளில் விழுந்தது. இந்தமுறை அது உடனே எடுக்கப்படவில்லை.