இரண்டு விரற்கடை குறைந்த கவுன்

வெள்ளிக்கிழமை காலை அழைப்புமணி விடாமல் மூன்று முறை அடித்தது. ஒரு முறை அடித்தால் பித்தான் தைக்க வந்தவர்கள், இரண்டு முறை என்றால் அவசரம், மூன்று முறை என்றால் அழுகை. இது துருவியின் கணக்கு. கதவைத் திறந்தாள். கணக்கு பொய்க்கவில்லை.

"அக்கா இருக்காங்களா? என் கவுன் சுருங்கிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள் மணப்பெண். நெஞ்சோடு ஒரு துணிப்பையை அணைத்திருந்தாள்.

மணப்பெண்ணுக்கு நாற்பத்தாறு வயது. பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பழைய காலத்துப் பாணி உடைகளை வெட்டவும் தைக்கவும் துருவியின் அண்ணியிடம் கற்றுக்கொண்டவள். கணவர் போய் ஒன்பது வருடம் கழித்து, வருகிற திங்கட்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறாள். ‘மணப்பெண்’ என்று கேலிக்கு வைத்த பெயர் அவளுக்கே பிடித்துப்போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

துருவி, அண்ணியின் கணவருக்குத் தங்கை. நூலகத்தில் வேலை. அங்கே துப்பறியும் நாவல் எதுவும் அவள் கை படாமல் அலமாரிக்குப் போகாது. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அண்ணன் வைத்த பெயர். அண்ணியின் முன்னறைக்கு வரும் வழக்குகளில் குற்றவாளியை அவள் காலைப் பலகாரத்துக்குள் கண்டுபிடித்துவிடுவாள். பெரும்பாலும் தவறான ஆளை.

கவுனை அண்ணி ஜன்னலோரம் தொங்கவிட்டாள். கரும்பச்சை வெல்வெட். தோளிலிருந்து கணுக்கால்வரை நீளும் எட்டுப் பாகங்களை இணைத்து, இடுப்பில் இறுகி, கீழே மணி மாதிரி விரியும் பழைய வெட்டு. மணப்பெண் தன் கையாலேயே தைத்தது.

"போன ஞாயிறு போட்டுப் பார்த்தேன், கச்சிதமா இருந்துச்சு. நேத்து ராத்திரி கொக்கி எட்டல. ரெண்டு விரற்கடை குறையுது."

"கல்யாணக் களையில கொஞ்சம் பூசினாப்புல..." என்று துருவி இழுத்தாள்.

அண்ணி அளவுநாடாவை எடுத்து மணப்பெண்ணின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். நோட்டைப் புரட்டினாள். "நூல் பிசகல. அவங்க அப்படியே தான் இருக்காங்க. துணி தான் மாறியிருக்கு."

துருவி கவுனை மேலிருந்து கீழாகத் தடவினாள். துணி கையை எதிர்த்தது, வாலிலிருந்து தலைக்குத் தடவினால் முறைக்கும் பூனை மாதிரி. இடப்பக்கம் வந்தபோது மட்டும் கை வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் பாகம் கொஞ்சம் வெளுத்தும் தெரிந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கேட்க அதைவிடப் பெரிய கேள்விகள் இருந்தன.

"யார் மேல சந்தேகம்?"

மணப்பெண் கைக்குட்டையை முறுக்கினாள். "சொல்லவே வாய் கூசுது. என் பொண்ணு. இல்லன்னா அவரோட அக்கா."

மகளுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி விடுமுறை, பகல் முழுக்க வீட்டில். வெல்வெட் வாங்கிய அன்றே, "இந்த வயசுல இது தேவையாம்மா? எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டவள். கடைக்காரரின் அக்கா நாடகக் குழுக்களுக்கு உடை தைப்பவள். இருபது வருடமாகத் தம்பிக்குச் சமைத்துப் போட்டவள். பெண் பார்க்க வந்த அன்று, "வெல்வெட்டா? தைரியம் தான்" என்று மட்டும் சொன்னாளாம். மகளும் அவளும் நேருக்கு நேர் இரண்டு வார்த்தை பேசியதில்லை. மகளுக்கு அவள் ‘அந்தம்மா’ தான்.

"புதன்கிழமை ரெண்டு மணிக்கு அவங்க பையோட மாடி ஏறினதை எதிர்வீட்டம்மா பார்த்திருக்காங்க. பொண்ணைக் கேட்டா, ‘யாரும் வரல’ன்னு சாதிக்கிறா. தலைவலின்னு படுத்திருந்தாளாம்." மணப்பெண் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். "அக்கா, இது வெறும் துணி இல்ல. ஒரே கூரைக்குக் கீழ நாளைக்கு மூணு பேரும் இருக்கணும். ரெண்டு பேர்ல யார் இதைச் செஞ்சிருந்தாலும் சரி, திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட மாட்டேன். வெறுப்பு இருக்கிற வீட்டுக்குள்ள இன்னொரு தடவை போக எனக்குத் தெம்பில்ல."

அண்ணி கவுனை உட்புறமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு மடிப்பிலிருந்து ஏதோ நூல் துணுக்கை விரல் நுனியால் எடுத்தாள்.

"மிஷின்ல ஓட்டறதுக்கு முன்னாடி கையால ஓட்டுத் தையல் போடுவீங்கல்ல, என்ன நூல்?"

"மஞ்சள் பருத்தி. நீங்க குடுத்தது தான்."

துணுக்கு வெள்ளையாக, பட்டுப்போல் மினுங்கியது. அண்ணி அதை ஊசிமெத்தையில் குத்தி வைத்தாள்.

"வெட்டினது போக மிச்சத் துணி?"

"ஓரத்துல நீளமா ஒரு துண்டு இருந்துச்சு. நேத்துத் தேடினேன், காணோம்."

"இஸ்திரிப் பெட்டி?"

மணப்பெண் விழித்தாள். "அது அலமாரி மேல இருந்துச்சு. அடிப்பக்கம் பளபளன்னு முகம் பார்க்கலாம் போல. நான் துடைக்கல. தான் சாப்பிட்ட தட்டையே கழுவாத பொண்ணு அவ."

"சரி. நாளைக்கு மூணு மணிக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. கடைசி அளவு பார்க்கணும்னு சொல்லுங்க, வேற எதுவும் வேண்டாம்."

வாசல் கதவு சாத்தியதுதான் தாமதம், துருவி தீர்ப்புச் சொன்னாள். "அக்காக்காரி தான். பொண்ணு தூங்கற நேரம் பார்த்து வந்து இடுப்பைப் பிடிச்சுட்டுப் போயிருக்கா. ஊரு முன்னாடி கொக்கி எட்டாம நிக்கட்டும்னு."

"அவ்வளவு உறுதியா?"

"நாத்தனார் மனசு நாத்தனாருக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை தன்னையும் சுட்டுவது துருவிக்கு உறைத்தது. மிஷினுக்கு மேலே ஆணியில் அண்ணியின் பெரிய கத்திரிக்கோல் தொங்கியது. பன்னிரண்டு வருடமாக அந்த ஆணியின் பக்கம் அவள் பார்வை தானாகப் போனதில்லை. அண்ணன் அண்ணியைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தபோது துருவிக்கு இருபத்திரண்டு வயது. அம்மா இல்லாத வீட்டில் எல்லாவற்றுக்கும் தானே எஜமானி என்று இருந்தவள். அந்த நாள்களில் தன்னால் என்னவெல்லாம் செய்ய முடிந்தது என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்த அக்காக்காரியைப் பார்க்காமலேயே அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிந்தது.

"இடுப்பைக் குறைக்கணும்னா பக்கத் தையலை உள்ள தள்ளிப் பிடிச்சா போதும், கால் மணி நேர வேலை" என்றாள் அண்ணி, ஊசியில் நூல் கோத்தபடி. "ஒரு முழுப் பாகத்தையே எதுக்கு மாத்தணும்?"

"மாத்தியிருக்காங்களா?"

"நீ தான தடவிப் பார்த்த?"

சனிக்கிழமை மூன்று மணிக்கு மூவரும் வந்தார்கள். நடுவில் மணப்பெண். இந்தக் கோடியில் நகத்தைக் கடித்தபடி மகள். அந்தக் கோடி நாற்காலியில், நரைத்த தலையை இறுக முடிந்து, மடியில் பையை வைத்தபடி கடைக்காரரின் அக்கா. மகள் அவள் பக்கம் திரும்பவில்லை. அக்காவும் மகள் பக்கம் திரும்பவில்லை. அளவுக்கு மீறித்தான் திரும்பவில்லை என்று துருவிக்கே பட்டது.

அண்ணி கவுனை மேசையில் விரித்தாள். "வெல்வெட்டுக்கு முடி உண்டு. அது மேல் பார்த்து நிக்கிற மாதிரி வெட்டினா நிறம் ஆழமா இருக்கும். கீழ் பார்த்தா வெளுத்துத் தெரியும். இவங்க எட்டுப் பாகத்தையும் மேல் பார்த்து வெட்டினாங்க, நான் பக்கத்துல இருந்தேன். இப்ப ஏழு தான் அப்படி இருக்கு. எட்டாவது தலைகீழ்."

மணப்பெண் தடவிப் பார்த்தாள். இடப்பக்கம் கை வழுக்கியது.

"பழைய பாகத்தை எடுத்துட்டு, மிச்சத் துணியில புதுசு வெட்டி வச்சிருக்காங்க. அந்தத் துண்டு அகலம் பத்தல. அதான் ரெண்டு விரற்கடை குறையுது. சரி, யாரு? இதோ ஓரத்தைப் பாருங்க, எலி கடிச்ச மாதிரி. சின்னக் கத்திரியால நிறுத்தி நிறுத்தி வெட்டினது. தைக்கத் தெரிஞ்ச யாரும் வெல்வெட்டைத் தலைகீழா வெட்ட மாட்டாங்க. அப்ப இவங்க இல்ல." அக்காவைக் காட்டினாள்.

"அப்ப..." மணப்பெண் மகள் பக்கம் திரும்பினாள்.

"இருங்க. இப்ப தையலைப் பாருங்க. வெல்வெட் நழுவும். ரெண்டு வரிசை ஓட்டுத் தையல் போட்டு அடக்கினா தான் இப்படிக் கோடு பிடிச்ச மாதிரி வரும். பட்டு நூல்ல போட்டு, பிறகு உருவியிருக்காங்க, தடம் தெரியக் கூடாதுன்னு. பொத்தான் தைக்கத் தெரியாத பொண்ணால இது ஆகாது. அப்ப இவளும் இல்ல."

"ரெண்டு பேரும் இல்லன்னா பேயா தைச்சுது?" என்றாள் துருவி பொறுக்காமல்.

"தெரியாத கை வெட்டியிருக்கு, தெரிஞ்ச கை தைச்சிருக்கு. ரெண்டு பேரும் இல்லன்னு யார் சொன்னா? ரெண்டு பேரும் தான்."

மகள் நகம் கடிப்பதை நிறுத்தினாள்.

"எதுக்குன்னு, யாரோ துடைச்சு வச்ச இஸ்திரிப் பெட்டியைத் தான் கேட்கணும்" என்று அண்ணி மகளின் பக்கம் திரும்பினாள். "வெல்வெட்டைப் பின்பக்கமா ஆவி காட்டணும். மேல பெட்டியை வச்சா முடி நசுங்கி, பெட்டியோட அச்சு அப்படியே விழும். ஆனா அது தெரியாதவங்க தான், அம்மா வர்றதுக்குள்ள தேய்ச்சு வைப்போம்னு ஆசையா எடுத்திருப்பாங்க. கெடுக்க நினைக்கிறவங்களுக்குக் கத்திரி போதுமே."

மகள் எழுந்து நின்றாள். "நான் சொன்னதெல்லாம் தப்புன்னு தோணுச்சும்மா. சாரின்னு வாயால சொல்ல வரல. தேய்ச்சு மாட்டி வச்சா புரிஞ்சுக்குவன்னு நினைச்சேன். அச்சு விழுந்துடுச்சு. நானே வெட்டி மாத்திடலாம்னு பார்த்தேன், இன்னும் மோசமாச்சு. வேணும்னே செய்யலன்னா யார் நம்புவா? உன்னைத் தவிர எனக்குத் தெரிஞ்சு தைக்கிற ஒரே ஆளு இவங்க தான். போன் பண்ணினேன். அத்தை ஆட்டோ பிடிச்சு ஓடி வந்தாங்க."

அத்தை. அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததை அவள் கவனிக்கவே இல்லை. மணப்பெண் கவனித்தாள்.

"நான் வரும்போதே வெட்டி வச்சிருந்தா" என்றாள் அக்கா, பையின் வாரை நீவியபடி. "வேற துணி இல்ல. மத்த தையலைத் தளர்த்திக் குறையைச் சரிக்கட்டலாம்னு இருந்தேன், அதுக்குள்ள மணி அஞ்சரை. வேலையிலேர்ந்து நீ வர நேரம். சொல்லாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். குடுத்த வாக்கு, என்ன பண்றது?" மணப்பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கு ‘தைரியம் தான்’னு சொன்னேனே, மெய்யாவே தைரியம்னு தான் சொன்னேன். என் வாய்க்குச் சிரிச்சுப் பேச வராது."

மணப்பெண் சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை. மகளை இழுத்து அணைத்தவள், மறுகையை அக்காவின் பக்கம் நீட்டினாள்.

மற்ற ஏழு பாகங்களின் தையல்களிலும் மணப்பெண் தாராளமாகத் துணி விட்டிருந்தாள். அண்ணியும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து பிரித்தார்கள். பழைய ஊசித்துளைகளை ஆவி காட்டி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தடவி மறைத்தார்கள். ஐந்து மணிக்குக் கொக்கி எட்டியது.

"தலைகீழ்ப் பாகம் வெளிச்சத்துல தனியாத் தெரியும். பரவாயில்லையா?" என்றாள் அண்ணி.

மணப்பெண் கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றினாள். "தெரியட்டும்க்கா. திங்கட்கிழமை அந்தப் பக்கம் கேமராவுக்குக் காட்டித் தான் கையெழுத்துப் போடுவேன்."

அவர்கள் போன பிறகு தரையில் பச்சைத் தூசு பரவிக் கிடந்தது. துருவி துடைப்பத்தை எடுத்தாள். கூட்டாமல் நின்றாள்.

"என் கணக்கு திரும்பவும் தப்பு."

"பாதி சரி. நாத்தனார் மனசு நாத்தனாருக்குத் தெரியும்னியே." அண்ணி நுனிக்காலில் எம்பி ஆணியிலிருந்து பெரிய கத்திரிக்கோலை எடுத்து, வெட்டு வாயைத் துணியால் துடைத்தாள். "நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல இது மூணு வாரம் காணாமப் போச்சு. அப்புறம் மிஷினுக்குப் பின்னாடி கிடைச்சுது."

துருவி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"கிடைச்ச அன்னைக்கே. துளி துரு இல்ல. எண்ணெய் போட்டிருந்துச்சு, சைக்கிள் எண்ணெய் வாசனை. இந்த வீட்டுல சைக்கிள் உன்கிட்ட மட்டும் தான்."

"அப்ப ஏன் ஒண்ணும் கேட்கல?"

"ஒளிச்சு வச்ச பொருளுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கிற பொண்ணு எத்தனை நாளைக்குக் கோவமா இருக்க முடியும்?" கத்திரிக்கோலின் பிடியைத் துருவியின் பக்கம் நீட்டினாள் அண்ணி. "இந்தா, மாட்டு. உனக்குத் தான் எம்பாம ஆணி எட்டும்."