பூவம்மாவின் இடது கை

நாற்காலியை விட்டு எழாமல், ஊற்றிய தே தாரிக், அதாவது உயரத் தூக்கி இழுத்து ஆற்றிய பால் தேநீர், ஆறுவதற்குள், இடது கையை மட்டும் நீட்டித் திருட்டைப் பிடித்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான்: செம்பவாங் பூவம்மா. இதை நம்பாத முதல் ஆள், அந்தத் தேயை ஊற்றிக் கொடுத்த ரவூப். தேக்கா சந்தையில் முப்பது வருடமாகத் தே இழுப்பவர். அவர் இழுக்கிற உயரத்துக்கு, மூன்றாவது மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் கையை நீட்டி ஒரு வாய் குடிக்கலாம். சந்தேகப்படுவதிலும் அவர் அவ்வளவு தாராளம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செம்பவாங் திடலுக்கு மேசையைக் கொண்டுவந்து போடுவார்.

அன்று மாலை 4.10. ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் கலப்பு சாஃப்ட்பால் இறுதி ஆட்டத்தில் செம்பவாங் அணி ஒரே ரன்னில் வென்றிருந்தது. கோப்பையை எடுக்கச் சாமான் அறைக்குப் போன செயலாளர் ஷங்கர், சர்க்கரை போட மறந்த கோப்பியைக் குடித்த முகத்தோடு திரும்பினார். அலமாரி காலி.

3.40க்கு ஷங்கரே கோப்பையைத் துடைத்து வைத்துப் பூட்டியிருந்தார். சாவி, ரவூப்பின் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ரவூப் மேசையை விட்டு நகரவே இல்லை என்றார். பிறகு நகர்ந்திருக்கலாம் என்றார். கடைசியில், இறுதி இன்னிங்ஸில் எல்லோரையும் போல வேலிக்கு ஓடியதை ஒப்புக்கொண்டார்.

"நம்ம டீம் பொண்ணு ஆஸ்மா, பந்தை அடிச்சிட்டு முதல் பேஸுக்கு ஓடுது. அங்க நின்னவன் கையில பந்தே இல்லாம வழியை மறிக்கிறான். அம்பயர் என்னடான்னா, பஸ்ஸை நிறுத்துற மாதிரி கையை நீட்டிட்டுச் சும்மா நிக்கிறாரு லா."

அதற்குள் எதிரணி எறிந்த பந்து தாறுமாறாகப் பறந்து கால்வாய்ப் பக்கம் போக, இரண்டாவது பேஸிலிருந்த அனுப்ரியா ஓடிவந்து வெற்றி ரன்னை எடுத்துவிட்டாள். அந்த ஆரவாரத்தில் கடலுக்கு அக்கரையில் ஜோகூரில் தூங்கிய குழந்தைகள் விழித்துக்கொண்டன.

சந்தேகம் சரத் மேல் விழுந்தது. கப்பல் பட்டறையில் வெல்டர். கணுக்கால் பிசகியதால் அன்று ஆடவில்லை. ஐஸ் பெட்டி சாமான் அறை வாசலில் இருந்தது. இறுதி இன்னிங்ஸுக்குச் சற்று முன் அவர் அந்தப் பக்கம் நொண்டிப் போனதைப் பலர் பார்த்திருந்தார்கள். ஷங்கர் போலீஸைக் கூப்பிடப் போனை எடுத்தார். சரத் கோபப்படவில்லை. அடுத்த மாதம் வேலை பெர்மிட் புதுப்பிக்க வேண்டும், இந்தப் பேச்சு முதலாளி காதுக்குப் போனால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருந்த பூவம்மா தலையை நிமிர்த்தினார். முப்பத்தொரு வருடம் அம்பயராக நின்றவர்; முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஸ்கோர் எழுதுகிறார்.

"ஷங்கர், போனை உள்ள வை. ரவூப், ஒரு தே போடு. அது ஆறுறதுக்குள்ள சொல்றேன்."

"அக்கா, எழுந்து போய் அந்த ரூமையாவது பாருங்களேன்," என்றார் ரவூப்.

"முட்டி ஒத்துக்காது."

4.22. தே வந்தது. ஆவி பறந்தது. ரவூப் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். அக்கா மேல் அவ்வளவு நம்பிக்கை.

முதலில் சரத்.

"கடைசி இன்னிங்ஸ்ல எங்க இருந்தே?"

"வேலி ஓரமா, கால்ல ஐஸை வச்சிட்டு உக்காந்திருந்தேம்மா."

"ஆஸ்மாவை மறிச்சப்போ அம்பயர் என்ன செஞ்சாரு?"

சரத் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை மடக்கிக் காட்டினார். "இப்படி. ஆட்டம் பாட்டுக்கு ஓடுச்சு."

அடுத்து வெங்கட். பொங்கோலில் குடியிருக்கும் கணினிப் பொறியாளர், மாற்று ஆட்டக்காரர். அணியில் சேர்ந்து மூன்று வாரம். அதற்கு முன் டெக்ஸஸில் நான்கு வருடம் பேஸ்பால். பெரிய மட்டைப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே வந்து நின்றார்.

"நீங்க எங்க இருந்தீங்க, தம்பி?"

"வேலி பக்கம்தான் ஆன்ட்டி. ஃபுல்லா பார்த்தேன்."

"அம்பயர் என்ன செஞ்சாரு?"

"மறிச்ச உடனே ரெண்டு கையையும் தூக்கி டைம்னு சொன்னாரு. எல்லாரும் நின்னுட்டாங்க. ஆஸ்மாவுக்கு முதல் பேஸ் குடுத்தாங்க. சிம்பிள் ரூல் ஆன்ட்டி."

பூவம்மா இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். விரல்களை மடக்கினார். அப்படியே வைத்திருந்தார்.

ரவூப்புக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஸ்ஸை நிறுத்தும் அதே கை.

"நீங்க சொல்றது பேஸ்பால் ரூல்," என்றார் பூவம்மா. "அதுல முதல் பேஸைத் தொடுறதுக்கு முன்னாடி மறிச்சா, அந்த நிமிஷமே ஆட்டத்தை நிறுத்திடுவாங்க. சாஃப்ட்பால்ல நிறுத்த மாட்டாங்க. இந்தக் கையை நீட்டிட்டு ஆட்டத்தை ஓடவிடுவாங்க. நியாயம் எல்லாம் அப்புறம்தான். எல்லாரும் நின்னிருந்தா அந்தப் பந்து எப்படிப் பறந்துச்சு? அனுப்ரியா எப்படி ரன் எடுத்தா? நாம எப்படி ஜெயிச்சோம்?"

வெங்கட் பையின் பட்டையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டார்.

"ஆஸ்மாவை மறிச்சாங்கன்னு யாரோ பேசினது காதுல விழுந்திருக்கு. மிச்சத்தை டெக்ஸஸ்ல இருந்து நிரப்பிட்டீங்க. பையை இறக்குங்க தம்பி. இவ்வளவு நேரமா ஒரு தடவைகூட இறக்கலையே நீங்க."

பைக்குள் மட்டைகளுக்கு நடுவில் கோப்பை இருந்தது. ஒரு கைப்பிடி தனியாக. ஊரில் அம்மாவுக்கு அனுப்ப, யாரும் இல்லாத நேரத்தில் கோப்பையோடு ஒரு படம் எடுக்கப் போனாராம். கை நழுவி விழுந்து உடைந்துவிட்டதாம். ஒட்டவைத்து இரவோடு இரவாக வைத்துவிடலாம் என்று நினைத்தாராம்.

"உடைஞ்சது விபத்து," என்றார் பூவம்மா. குரல் உயரவில்லை. "சரத் தலை குனிஞ்சு நின்னப்போ பார்த்துட்டு நின்னீங்களே, அது விபத்து இல்ல."

வெங்கட் சரத்தின் முன்னால் போய் நின்றார். மன்னிப்பு தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதியாக வந்தது. சரத் அதைக் கேட்டாரோ என்னவோ, கைப்பிடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பித்தளைதான். நாளைக்குப் பத்த வச்சிடறேன். ஆனா நீங்க கூடவே நின்னு பிடிச்சிக்கணும் சார்."

வெங்கட் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். ஷங்கர் போனை மறுபடி எடுத்தார். இந்த முறை படம் எடுக்க. ஒற்றைக் கைப்பிடிக் கோப்பையைச் சரத்தின் கையில் கொடுத்து, அவரை நடுவில் நிறுத்தினார்.

4.29. ரவூப் மெல்ல ஸ்கோர் மேசைக்குப் போய்க் குவளையைத் தொட்டார். விரலை வெடுக்கென்று எடுத்தார்.

மறுநாள் தேக்காவில் எல்லோரும் அவரைத்தான் கேட்டார்கள்: அந்த அம்மா எழுந்திருக்கவே இல்லையாமே, தே ஆறவே இல்லையாமே, யார் விட்ட கதை இது?

ரவூப் சுட்ட விரலைப் பார்த்துக்கொண்டார்.

"நடந்ததுதான் லா," என்றார். "அந்தத் தேயை ஊத்தினதே நான்தான்."